கனடா கோதுமை வாரியத்தின் ஏகபோகத்தை நீக்கியது சரிதானா? விலைச்சீட்டை வைத்துப் பேசுவோம்

தராசுமுள்

இதே கேள்வியைப் பேசிய போன இழை வாய்ச்சண்டையில் முடிந்ததற்குக் காரணம், 'வாரியம்' என்ற ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொண்டதுதான். இந்த முறை இரண்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதலாவது, ஏகபோகம். மேற்குக் கனடா விவசாயிகளின் கோதுமையை வாங்கி விற்க அரசு அமைத்த வாரியம் 1935-ல் வந்தது. அப்போது விருப்பமுள்ளவர்கள் விற்கலாம், அவ்வளவுதான். 1943-லிருந்து கட்டாயம். மானிட்டோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பகுதி, இவற்றில் விளைந்த கோதுமையை ஏற்றுமதி செய்ய வேறு கை கிடையாது. 1949-ல் ஓட்ஸும் பார்லியும் சேர்ந்தன. 1989-ல் ஓட்ஸ் வெளியே போனது. ஒன்டாரியோ விவசாயி இந்தக் கட்டாயத்தில் இல்லை.

இரண்டாவது, தொகுப்பு விலை. ஆண்டு முழுக்க விற்றதையெல்லாம் ஒரே கணக்கில் கொட்டி, தரவாரியாகச் சராசரி எடுத்து, எல்லோருக்கும் ஒரே விலை. ஆகஸ்டில் கொடுத்தவனுக்கும் ஜூனில் கொடுத்தவனுக்கும் வித்தியாசம் இல்லை.

2012 ஆகஸ்ட் 1-ல் சட்டப்படி போனது முதலாவது மட்டும். இரண்டாவது, விருப்பமுள்ளவர்களுக்கு என்று தொடர்ந்தது. பிறகு தானாகவே மெலிந்தது. 'வாரியத்தால் நட்டம்' என்று எழுதுகிறவர்கள் எதனால் நட்டம் என்று சொல்லிவிட்டு எழுதினால் பேச்சு நகரும்.

வாரியக் காலத்தில் தானியம் கொடுத்ததும் விவசாயி கைக்கு வந்த பழைய விலைச்சீட்டு எப்படி இருந்தது என்றும் காட்டிவிடுகிறேன். எண்கள் கணக்குக்காக வைத்தவை. லாரியில் 42 டன் சிவப்பு வசந்தகாலக் கோதுமை. தூசி, பதர், களைவிதை எல்லாம் 1.5 சதவீதம், அதாவது 0.63 டன் கழிவு. நிகரம் 41.37 டன். அன்றைய முதல் தவணை விலை வான்கூவர் துறைமுகக் கணக்கில் டன்னுக்கு 200 டாலர். அதில் ரயில் கூலி 45, எலிவேட்டரில் (தண்டவாளத்தோரத் தானியக் கிடங்கில்) ஏற்றி இறக்கும் கூலி 14, சுத்தம் செய்ய 5 போனால் கைக்கு 136. மொத்தம் 5,626 டாலர். பாக்கி இடைத் தவணைகளாகவும், விற்பனை ஆண்டு முடிந்த பிறகு இறுதித் தவணையாகவும் வரும். முதல் தவணைக்கு மத்திய அரசு உத்தரவாதம். தொகுப்பு நட்டத்தில் முடிந்தாலும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

இந்தச் சீட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரயில் கூலி எவ்வளவு, எலிவேட்டர் கூலி எவ்வளவு என்று தனித்தனி வரி இருக்கிறது. இன்றைய சீட்டில் அந்த வரிகள் இல்லை. என் முழு வாதமும் அங்கேதான் நிற்கிறது.

பனிவயல்

அண்ணா, பிரித்து வைத்தது நல்லது. நான் இரண்டையும் எதிர்க்கிறவன். எதற்கு எது என்று சொல்கிறேன்.

தொகுப்பின் குறை தாமதம். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் சந்தையில் வசந்தகாலக் கோதுமை புஷலுக்கு (ஏறக்குறைய 27 கிலோ) 24 அமெரிக்க டாலரைத் தாண்டியது. எல்லைக்கு அந்தப் பக்கம் வடக்கு டகோட்டாக்காரன் அன்றைக்கு விற்றான், அன்றைக்கு வாங்கினான். இந்தப் பக்கம் வாரியம் பயிரில் பெரும்பகுதியை உச்சத்துக்கு முன்பே விற்று முடித்திருந்தது. சராசரி என்பது உச்சத்தையும் சேர்த்துத்தான் மழுக்கும்.

ஏகபோகத்தின் குறை வேறு. அது திரும்ப வாங்கும் விதி. விவசாயி தன் கோதுமையை எல்லைக்கு அப்பால் தானே விற்க நினைத்தால் முதலில் காகிதத்தில் வாரியத்துக்கு விற்க வேண்டும். முதல் தவணை 200 என்று வையுங்கள். அதே கோதுமையைத் திரும்ப வாங்க, அந்தச் சந்தைக்கு வாரியம் வைக்கும் விலை 290. வித்தியாசம் 90 டாலரைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்புறம்தான் ஏற்றுமதி உரிமம். தொகுப்பு கடைசியில் 260-ல் முடிந்தால் 60 திரும்பி வரும், அதுவும் பல மாதம் கழித்து. தானியம் கொட்டிலை விட்டு நகரவே இல்லை. ஆனால் டன்னுக்கு 30 டாலர் போய்விட்டது. இயற்கை விவசாயம் செய்கிறவன், தானே வாங்குபவரைத் தேடிப் பிடித்தவன், அவனுக்கும் இதே விதி.

2002-ல் ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜில் விவசாயிகள் சிறைக்குப் போனது இந்த உரிமம் இல்லாமல் எல்லை தாண்டியதற்காகத்தான். தன் நிலத்தில் தன் விதையில் விளைந்த பொருளுக்காகச் சிறை. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

புதுவரவு

ஐயா, ஒரு சந்தேகம். இது நம்மூர் நேரடி நெல் கொள்முதல் நிலையம் மாதிரியா?

தராசுமுள்

இல்லை தம்பி. அங்கே தனியார் வியாபாரிக்கு விற்கத் தடை இல்லை, அரசு ஓர் ஆதார விலையில் வாங்க நிற்கிறது. இங்கே வாரியம் ஆதார விலை தரவில்லை. வெளிநாட்டில் கிடைத்ததைத்தான் செலவு போகப் பங்கிட்டது. ஆனால் வேறு யாருக்கும் விற்க விடவில்லை. கனோலா, பட்டாணி, பருப்பு வகைகள் எல்லாம் எப்போதும் வெளியேதான். கொழும்பில் கொட்டி விற்கும் கனடா மைசூர்ப் பருப்பு ஒருநாளும் வாரியத்தின் கணக்கில் ஏறியதில்லை.

பனிவயல், திரும்ப வாங்கும் விதி கடுமையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் ஏகபோகமே இல்லை. விலை உயர்ந்த சந்தைக்கு ஆளாளுக்குத் தானே போகலாம் என்றால் தொகுப்பில் மிஞ்சுவது மலிவுச் சந்தை மட்டும். ஜப்பானிய மாவாலைக்கு ஒரு விலை, தள்ளுபடி கேட்கும் நாட்டுக்கு ஒரு விலை என்று பிரித்து விற்று எல்லோருக்கும் பங்கிட, விற்பவன் ஒருவனாக இருக்க வேண்டும்.

பனிவயல்

> பிரித்து விற்று எல்லோருக்கும் பங்கிட

அப்படி எவ்வளவு கூடக் கிடைத்தது? 1996-ல் கிராஃப்ட், ஃபர்ட்டன், டிர்க்னெவிச் மூவரும் வாரியத்தின் ரகசிய விற்பனைக் கணக்கைப் பார்த்து, கோதுமைக்கு டன்னுக்கு 13.35 டாலர் கூடுதல் என்றார்கள். அதே ஆண்டு கார்ட்டரும் லாயின்ஸும் செலவும் திறமைக்குறைவும் அதைவிட அதிகம் என்றார்கள். முதல் ஆய்வுக்குக் கொடுத்த கணக்கை வாரியம் எல்லோர் முன்னும் வைக்கவில்லை. சொந்தக் கோதுமை என்ன விலைக்குப் போனது என்று விவசாயியே பார்க்க முடியாத அமைப்பு அது.

தராசுமுள்

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த மூடல் வாரியத்துக்கே கேடாக முடிந்தது. இன்று தனியார் கம்பெனி என்ன விலைக்கு விற்கிறது என்று பார்க்க முடிகிறதா என்று மட்டும் கேட்டு வைக்கிறேன். பிறகு வருவோம்.

ரயிலடி

நீங்கள் இருவரும் விலையையே பேசுகிறீர்கள். சஸ்காட்சுவான் நடுவிலிருந்து கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வேகன் வந்தால்தான் விலை.

2013 அறுவடைதான் புதுச் சந்தைக்கு வந்த முதல் பெரிய சோதனை. கனடாவில் கோதுமை மட்டும் 37.5 மில்லியன் டன், அதுவரை காணாத விளைச்சல். அடுத்து வந்த குளிர்காலமும் கொடியது. வெப்பம் மைனஸ் 25-க்குக் கீழே போனால் ரயிலை நீளமாகக் கட்ட முடியாது. பிரேக் காற்றுக்குழாய் ஒவ்வொரு இணைப்பிலும் கசியும், கடைசி வேகன் வரை அழுத்தம் நிற்காது. அதனால் வேகன்களைக் குறைக்கிறார்கள். அதே சரக்குக்கு அதிக வண்டி, அதிக எஞ்சின், அதிக ஆள். மூன்றும் போதவில்லை.

எலிவேட்டர்கள் நிரம்பின. வான்கூவரில் கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. 2014 மார்ச்சில் அரசு ஆணை போட்டு, சிஎன், சிபி என்ற இரண்டு ரயில் கம்பெனிகளும் வாரத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் டன் இழுக்க வேண்டும் என்றது. தானியம் ஏற்றும் ஹாப்பர் வேகன் ஒன்றுக்கு 90 டன் என்றால் ஏறக்குறைய 5,500 வேகன்.

இதில் வாரியம் இல்லாததன் பங்கு என்ன? முன்பு எந்தத் தரம், எந்தத் துறைமுகம், எந்த வாரம் என்று ஒரே இடத்தில் முடிவாகும். கப்பல் வந்து நிற்கும்போது 13.5 சதவீதப் புரதமுள்ள முதல் தரம் கிடங்கில் இருக்கும்படி உள்நாட்டிலிருந்து கூப்பிடுவார்கள். பின்னால் ஒவ்வொரு கம்பெனியும் தன் விற்பனைக்கு மட்டும் கூப்பிட்டது. ஒருவன் கிடங்கில் இரண்டாம் தரம் நிரம்பி இருக்கும், அவன் கப்பல் முதல் தரத்துக்குக் காத்திருக்கும், பக்கத்துக் கிடங்கில் முதல் தரம் சும்மா கிடக்கும். கப்பல் நின்ற நாளுக்கு டெமரேஜ் என்ற தாமதக் கூலி ஓடும்.

பனிவயல்

ரயிலடி, 1996-97 குளிர்காலத்தை விட்டுவிட்டீர்கள். அப்போது ஏகபோகம் முழு பலத்தில் இருந்தது. அப்போதும் சரக்கு தேங்கியது. ரயில் கம்பெனிகள் மீது வாரியமே 1997-ல் புகார் கொடுத்தது. ஆக நெரிசலுக்குக் காரணம் ரயிலில் இருக்கும் இரட்டை ஏகபோகம்; தானியத்தில் இருந்த ஏகபோகம் அதைத் தடுக்கவும் இல்லை. 2020-21-ல் வாரியம் இல்லாமலேயே இரண்டு ரயில் கம்பெனிகளும் தானிய இழுவையில் சாதனை காட்டின.

ரயிலடி

சரியான எடுத்துக்காட்டு. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே ஒரு விடை இருக்கிறது. 1997-ல் புகார் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். வழக்கறிஞரும் கணக்கும் கையில் உள்ள ஆள். 2014-ல் தாமதத்தால் அடிபட்டவர் விவசாயி, ஆனால் ரயிலோடு ஒப்பந்தம் உள்ளவர் எலிவேட்டர்காரர். அவருக்கோ நட்டத்தைக் கீழே தள்ள வழி இருந்தது. சரக்குக் கூலிக்கு 2000-லிருந்து வருவாய் உச்சவரம்பு உண்டு. ரயில் கம்பெனி அதைத் தாண்டினால் மிகுதியையும் அபராதத்தையும் கட்ட வேண்டும். எலிவேட்டர் எடுக்கும் இடைவெளிக்கு அப்படி வரம்பு கிடையாது.

தராசுமுள்

அந்த இடைவெளிக்குப் பெயர்தான் பேசிஸ். புதியவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

முன்பேரச் சந்தை (பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை) விலையிலிருந்து எலிவேட்டர் தரும் விலை எவ்வளவு கீழே இருக்கிறதோ அது பேசிஸ். ரயில் கூலி, கையாளும் கூலி, டெமரேஜ், கம்பெனி லாபம், எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கிடக்கும். கணக்குக்காக: சந்தை விலை டன்னுக்கு 257, எலிவேட்டர் விலை 200, பேசிஸ் 57. கூலிகளைக் கூட்டினால் ஏறக்குறைய அதுதான் வரும், சரி. நெரிசல் வந்ததும் சந்தை விலை அதே 257-ல் நிற்க, எலிவேட்டர் 150 என்கிறது. பேசிஸ் 107. ரயில் கூலி ஏறவில்லை, கையாளும் கூலி ஏறவில்லை. அந்த 50 டாலர் இடப்பற்றாக்குறையின் விலை. இடத்தை வைத்திருப்பவர் அதை எடுத்துக்கொள்கிறார். 2013-14-ல் நடந்தது இதுதான். சஸ்காட்சுவான் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரிச்சர்ட் கிரே இந்த அதிகப்படியைப் பில்லியன் டாலர் கணக்கில் கணித்தார்.

வாரியக் காலத்தில் இதே நெரிசல் வந்திருந்தாலும் கப்பல் தாமதச் செலவு தொகுப்பில்தான் விழுந்திருக்கும், விவசாயி அதைச் சுமந்திருப்பார். ஆனால் துறைமுக விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் நடுவே திறந்த அந்தப் பள்ளம் தொகுப்புக்குள் வந்து, பிறகு அவருக்கே திரும்பியிருக்கும். பள்ளத்தில் விழுந்த பணம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

பனிவயல்

இதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பேசிஸ் அகலமானால் எல்லோரும் அந்த விலைக்கே விற்றாக வேண்டும் என்றில்லை. கருவிகள் இருக்கின்றன, பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

பேசிஸை மட்டும் பூட்டும் ஒப்பந்தம் உண்டு: குறுகலாக இருக்கும்போது பூட்டிவிட்டுச் சந்தை விலையைப் பிறகு முடிவு செய்யலாம். சந்தை விலையை மட்டும் பூட்டும் ஒப்பந்தமும் உண்டு. பலர் தவறு செய்வது இங்கே: அறுவடைக்கு முன் விலையைப் பார்த்து விளைச்சலில் 70, 80 சதவீதத்தை ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். வறட்சி வந்தால் கொடுக்கச் சரக்கு இல்லை, சந்தை விலையோ ஏறியிருக்கும், வித்தியாசத்தைக் கைப்பணத்தில் கட்டி வெளியேற வேண்டும். இயற்கைச் சீற்ற விலக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, எத்தனை டன்னுக்கு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

இன்னொன்று, பேசிஸில் ஒளிந்திருக்கும் நாணயம். மினியாபொலிஸ் விலை 6.00 அமெரிக்க டாலர். எலிவேட்டர் பலகையில் 6.75 கனடிய டாலர், 'பேசிஸ் +0.75' (பலகையில் சந்தை விலைக்கு மேலே என்றால் பிளஸ், கீழே என்றால் மைனஸ்). பார்க்கிறவருக்கு நல்ல பேசிஸ் மாதிரி இருக்கும். கனடிய டாலர் 75 அமெரிக்க சென்ட் என்றால் 6.00-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 8.00. உண்மையான பேசிஸ் மைனஸ் 1.25. ஒரு டன்னுக்கு 36.744 புஷல், ஆகவே 45.93 டாலர் கீழே. இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் இரண்டு எலிவேட்டர்களை ஒப்பிடாதீர்கள். ஒருவர் நாணயத்தை மாற்றிச் சொல்கிறார், மற்றவர் மாற்றாமல் சொல்கிறார்.

புதுவரவு

இது மிகவும் பயனுள்ளது, நன்றி. ஒப்பந்தம் போட்ட மாதத்தில் எலிவேட்டர் சரக்கை எடுக்காவிட்டால்?

ரயிலடி

2013-14-ல் அதுதான் பெரிய வலி. ஜனவரி ஒப்பந்தச் சரக்கை வசந்தகாலம் வரை எடுக்கவில்லை. விவசாயி தவறினால் அபராதம் எழுதப்பட்டிருந்தது. கம்பெனி தவறினால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒன்றும் இல்லை, அல்லது சிறிய சேமிப்புக் கூலி. உரத்துக்கும் விதைக்கும் பணம் கட்டும் நேரம் வந்துவிடும், சரக்கோ கொட்டிலில். 2014-ல் வந்த சட்டத்தில் கனடா தானிய ஆணையத்துக்கு ஒப்பந்த இழப்பீடு பற்றி விதி வகுக்கும் அதிகாரம் தரப்பட்டது. ரயிலும் எலிவேட்டரும் பரஸ்பரம் அபராதம் கேட்கும் வழி 2018 சட்டத்தில்தான் வந்தது. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: எடுக்கும் கடைசித் தேதி, அதற்குப் பின் நாளொன்றுக்கு டன்னுக்கு எத்தனை சென்ட், வேறு எலிவேட்டருக்கு மாற்றினால் லாரிக்கூலி யார் தலையில்.

வடகடல்

யாரும் சர்ச்சில் துறைமுகத்தைச் சொல்லவில்லை. ஹட்சன் விரிகுடாவில் கோடை, இலையுதிர் காலத்தில் மட்டும் பனி விலகும் துறைமுகம். அதன் வழியாகப் போன தானியத்தில் பெரும்பகுதி வாரியத்தினுடையது. பெரிய கம்பெனிகளுக்குச் சொந்த முனையம் வான்கூவரிலும் தண்டர் பேயிலும் இருக்கும்போது சர்ச்சிலுக்கு ஏன் அனுப்புவார்கள்? 2016-ல் தானியப் போக்குவரத்தே நின்றது. 2018-ல் புதிய உள்ளூர்க் கூட்டமைப்பு வாங்கிய பிறகுதான் துறைமுகம் மறுபடி மூச்சுவிட்டது.

அதைவிட எனக்கு முக்கியம் விவசாயி தானே நிரப்பும் வேகன். 1902-ல் சின்டலூட்டா ஊர் விவசாயிகள் ரயில் கம்பெனி முகவர்மீது வழக்குப் போட்டு வென்று நிலைநாட்டிய உரிமை அது. எலிவேட்டரைத் தொடாமல், தானிய ஆணையத்துக்கு விண்ணப்பித்து வேகன் வாங்கி, தண்டவாளத்தோரம் ஆகர் என்ற திருகுக்குழாயை வைத்து லாரியிலிருந்து நேரே ஏற்றி அனுப்பலாம். கையாளும் கூலியும் சுத்தக் கூலியும் மிச்சம். உரிமை இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வேகன் துறைமுகம் போய்ச் சேர்ந்தால் இறக்கிக்கொள்ள ஒருவர் வேண்டுமே. முன்பு வாரியம் எடுத்துக்கொள்ளும். இப்போது முனையத்தை வைத்திருப்பவரே உள்நாட்டில் எலிவேட்டரும் வைத்திருக்கிறார். உங்கள் வேகனை எடுத்தால் அவருடைய எலிவேட்டருக்கு வருமானம் குறையும். இந்த வேகன்களை நம்பி ஓடிய சஸ்காட்சுவானின் சிறு ரயில் பாதைகள் அதனால்தான் திணறின.

தராசுமுள்

வடகடல் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வாரியத்துக்குச் சொந்த எலிவேட்டர் கிடையாது, துறைமுகம் கிடையாது. சட்டம் கொடுத்த உரிமை ஒன்றுதான் அதன் சொத்து. அதனால்தான் 'வாரியமும் இருக்கட்டும், சந்தையும் இருக்கட்டும்' என்ற இரட்டைச் சந்தை யோசனை நிற்காது என்று அன்றைய தலைவர் ஆலன் ஓபர்க் சொல்லிக்கொண்டே இருந்தார். போட்டியாளரின் எலிவேட்டரை வாடகைக்குக் கேட்டு அவரோடு போட்டியிட முடியாது. 2012-க்குப் பிறகு வாரியம் அவசர அவசரமாக முனையங்களை வாங்கியது அதனால்தான். 2015-ல் பங்கீ என்ற பன்னாட்டுத் தானியக் கம்பெனியும் சவுதி அரசு முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 25 கோடி டாலர் முதலீட்டில் வாரியத்தின் 50.1 சதவீதத்தை எடுத்தன, ஜி3 என்ற கம்பெனி பிறந்தது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே கோதுமை ஏற்றுமதி ஏகபோகம் 2008 ஜூலையில் போனது, ஈராக்குக்குக் கோதுமை விற்றதில் நடந்த ஊழல் பற்றிய விசாரணைக்குப் பிறகு. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடங்கும் துறைமுகமும் சிபிஎச் என்ற விவசாயிகள் கூட்டுறவிடம் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கனடாவிலோ கூட்டுறவு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. 1924-ல் தொடங்கிய சஸ்காட்சுவான் கோதுமைக் கூட்டுறவு 2007-ல் விட்டெரா என்ற கம்பெனி ஆனது, 2012-ல் கிளென்கோர் என்ற பன்னாட்டுக் கம்பெனியிடம் போனது, 2025-ல் பங்கீயோடு இணைந்தது. காவல் எடுத்த நேரத்தில் வீடும் கையில் இல்லை.

பனிவயல்

ஜி3 வந்ததில் நன்மையும் இருக்கிறதே. வட்டத் தண்டவாள எலிவேட்டர்கள், வேகன்களைக் கழற்றாமலே 150 வேகன் வண்டியை நிரப்புவது, வான்கூவரில் 2020-ல் திறந்த புதிய முனையம். நெரிசல் குறைந்தால் பேசிஸ் குறையும். அந்த முதலீட்டை வாரியக் காலத்தில் யார் போட்டார்கள்?

ரயிலடி

உண்மை. ஆனால் பங்கீ-விட்டெரா இணைப்புக்கு 2025 ஜனவரியில் அனுமதி கொடுத்தபோது அரசே மேற்கில் ஆறு எலிவேட்டர்களை விற்கச் சொல்லி, ஜி3-இல் பங்கீக்குள்ள பங்கின் மீதும் கட்டுப்பாடு வைத்தது. போட்டி குறையும் என்று அரசுக்கே கவலை இருந்தது.

வடகடல்

வாக்கெடுப்பையும் பதிய வேண்டும். 1998 திருத்தப்படி ஒரு தானியத்தை வெளியே எடுக்க விவசாயிகளிடம் வாக்குக் கேட்க வேண்டும். 2011-ல் அரசு கேட்கவில்லை. வாரியமே நடத்தியதில் கோதுமைக்கு 62 சதவீதம், பார்லிக்கு 51 சதவீதம் ஏகபோகம் தொடர வேண்டும் என்றார்கள். டிசம்பர் 7-ல் மத்திய நீதிமன்றம் அமைச்சர் செய்தது சட்டமீறல் என்றது. 15-ஆம் தேதி ஏகபோகத்தை நீக்கும் மசோதா சட்டமாகிவிட்டது.

பனிவயல்

அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியதையும் பதியுங்கள். 2007 பார்லி வாக்கெடுப்பையும். மூன்று தெரிவு: ஏகபோகம் தொடரட்டும் 37.8, விருப்பம்போல் விற்கலாம் 48.4, வாரியமே வேண்டாம் 13.8. கேள்வியை எப்படி அமைக்கிறோமோ அப்படி விடை வருகிறது. அதோடு, ஐம்பது ஏக்கர்க்காரருக்கும் ஐயாயிரம் ஏக்கர்க்காரருக்கும் ஒரே வாக்கு என்பதில் பெரும்பான்மை என்ற சொல் எவ்வளவு தூரம் செல்லும்? அடுத்தவர் வாக்கால் என் கோதுமைக்கு ஒரே வாங்குபவர் என்று விதிப்பதை நான் இன்றும் ஏற்கவில்லை.

தராசுமுள்

அதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள். முன்பு கேட்டு வைத்த கேள்விக்கு வருகிறேன். வாரியம் விற்பனை விலையை மறைத்தது என்றீர்கள். இப்போது கம்பெனிகள் மறைக்கின்றன. அமெரிக்காவில் 1972-ல் சோவியத் ரகசியமாக வாங்கிக் குவித்த பிறகு சட்டம் வந்தது: ஒரே நாளில் ஒரே நாட்டுக்கு ஒரு லட்சம் டன்னோ அதற்கு மேலோ விற்றால் மறுநாளே அறிவிக்க வேண்டும். மற்றதெல்லாம் வாரந்தோறும் வியாழக்கிழமை நாடுவாரியாக வெளிவரும். கனடாவில் கப்பல் ஏறிய பிறகுதான் டன் கணக்குத் தெரியும். விற்பனை நடந்தது எப்போது என்று கம்பெனிக்கு மட்டும் தெரியும். பேசிஸைப் பூட்ட வேண்டிய நேரம் அதுதானே?

பனிவயல்

இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். கட்டாய ஏற்றுமதி விற்பனை அறிவிப்பு வேண்டும். பெரிய வியாபாரிக்கு ஏற்கெனவே தரகர்கள் மூலம் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் இருப்பது விவசாயி மட்டும். நாள் கணக்கு அறிவிப்பு கனடா அளவுக்கு ஒரு லட்சம் டன் என்று வைத்தால் ஒன்றும் சிக்காது, இங்கே ஒரு கப்பல் 60,000 டன்னுக்குள்தான் பெரும்பாலும். வரம்பை 20,000-க்கு இறக்க வேண்டும்.

ரயிலடி

20,000 சரி. பாஸ்தா செய்யும் டியூரம் கோதுமைக்கு அதுவும் அதிகம். அல்ஜீரியா, மொராக்கோ, இத்தாலி என்று வாங்குபவர்கள் சிலரே. டியூரத்துக்கு வரம்பை இன்னும் இறக்கினால் எது யாருடைய விற்பனை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று கம்பெனிகள் எதிர்க்கும். நாட்டின் பெயரை இரண்டு வாரம் தாமதித்து, டன்னையும் கப்பலேற்றும் மாதத்தையும் மட்டும் உடனே வெளியிட்டால் அந்த எதிர்ப்புக்கு வேலை இருக்காது.

தராசுமுள்

தாமதம் ஒரு வாரம் போதும். இரண்டு வாரத்தில் பேசிஸ் நகர்ந்து முடிந்துவிடும்.